நிறுத்து என்று கண்ணால் சொன்னேன்

காலில் செருப்பு இல்லை என்பதைக் குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். காய்கறி வாங்கிக்கொண்டு குவார்ட்டர்ஸுக்கு நடந்து வந்துகொண்டிருந்தேன். இடது கால் செருப்பு வழியில் எங்கோ கழன்று விழுந்திருக்கிறது. பங்குனி வெயில், தார் ரோடு. கால் சுட்டிருக்க வேண்டும். சுடவில்லை.

திரும்பிப் போய்ச் செருப்பைத் தேடி எடுத்து மாட்டினேன். மாட்டியதும் காலுக்குத் தெரியவில்லை. முந்தின வாரம் வயிற்றுப்போக்கு வந்து ஆளை உலுக்கிப் போட்டிருந்தது. அந்த அசதி என்று நினைத்துக்கொண்டேன். விரல் நுனிகளில் இரண்டு நாளாக எறும்பு ஊர்வது போல இருந்ததையும் அதே கணக்கில் சேர்த்துவிட்டேன்.

என் பெயர் மலர்விழி. வயது நாற்பத்தாறு. கணவர் தனசேகர், சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பகுதியில் எலக்ட்ரீஷியன். சனிக்கிழமைதோறும் எங்கள் பிளாக்கில் உள்ள மன்றத்தில் பெண்களுக்கு மனக்கவனப் பயிற்சி சொல்லித்தந்துகொண்டிருந்தேன். தியானம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அதில் சாமி, மந்திரம் எதுவும் கிடையாது. கண்ணை மூடி உட்கார்ந்து, உள்ளே போகிற மூச்சையும் வெளியே வருகிற மூச்சையும் கவனிக்க வேண்டும். மனசு வேறெங்காவது ஓடினால் திட்டாமல் கூட்டிவர வேண்டும். தூக்கமே வராமல் நான் தவித்த ஒரு காலத்தில் புதுச்சேரியில் ஒரு முகாமில் கற்றுக்கொண்டது. அது என்னைத் தூங்கவைத்தது. அதனால் நம்பினேன். பிள்ளைகள் வெளியூர் போனபின் பேச ஆளில்லாமல் போனவர்கள், நைட் ஷிப்ட்டுக்குப் போன புருஷன் வீடு திரும்பும்வரை நெஞ்சு படபடத்துக் கிடப்பவர்கள் என்று ஒரு கூட்டம் வரும். வரமுடியாதவர்களுக்காக என் குரலிலேயே பதிவுசெய்து வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தேன். ‘மெல்ல மூச்சை உள்ளே இழுங்க. மெல்ல வெளியே விடுங்க’ என்று அது தொடங்கும். அந்த ஆடியோவைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் என்னை அது படுத்திய பாட்டை வேறெதுவும் படுத்தவில்லை.

செருப்பு கழன்ற மறுநாள் காலை, குளியலறையில் உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. முழங்காலுக்குச் சொல்கிறேன், அது கேட்கவில்லை. குழாயைப் பிடித்துக்கொண்டு முயன்றேன். கை பிடியை விட்டுவிட்டது. தாழ்ப்பாள் தலைக்கு மேலே ஒரு கை தூரத்தில் இருந்தது. கையைத் தூக்கினேன், பாதி வரைதான் போனது. என் கணவர் நைட் ஷிப்ட் முடிந்து வந்து கூடத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“மலரு, எவ்வளோ நேரமா உள்ள இன்னா பண்ணிகினு இருக்க?”

“எழுந்துக்க முடியலங்க. கதவ ஒடைங்க.”

நான் விளையாடுகிறேன் என்று அவர் ஒரு கணம்கூட நினைக்கவில்லை. ஸ்க்ரூடிரைவரை எடுத்துவந்து கீலைக் கழற்றிவிட்டார்.

டவுன்ஷிப் ஆஸ்பத்திரி கேஷுவால்டியில் இருந்த டாக்டருக்கு முப்பது வயதுகூட இருக்காது. ரப்பர் சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே தட்டினார். கால் துள்ள வேண்டும். துள்ளவில்லை. இன்னொரு காலிலும் தட்டினார். பிறகு சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, “சமீபத்துல வயித்தால போச்சாம்மா?” என்று கேட்டார். ஆமாம் என்றதும் அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். அரை மணி நேரத்தில் ஆம்புலன்ஸ் ஏற்பாடு செய்து புதுச்சேரிக்கு அனுப்பிவைத்தார். அன்று அவர் எங்களை வீட்டுக்குப் போய் ஓய்வெடுக்கச் சொல்லியிருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன் என்று பின்னால் பெரிய டாக்டர் சொன்னார்.

ஆம்புலன்ஸ் பண்ருட்டியைத் தாண்டும்போது என் நாத்தனார் கஸ்தூரி போனில் கூப்பிட்டாள். முத்தாண்டிக்குப்பத்தில் இருப்பவள். “அண்ணி, நான் துணிமணி எடுத்துகினு நேரா அங்க வந்துடறன். நீங்க எதுக்கும் கவலப்படாதீங்க” என்றாள். சொன்னபடியே வந்தாள். பிறகு நான் வீடு திரும்பும்வரை அவள் தன் வீட்டுக்குப் போனது ஒன்றிரண்டு தடவைதான்.

புதுச்சேரியில் முதலில் நரம்புச் சோதனை. கையிலும் காலிலும் பட்டைகளை ஒட்டிச் சின்னச் சின்னதாக மின்சாரம் கொடுத்து, நரம்பு வழியாகச் செய்தி எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்ப்பார்கள். பிறகு என்னைப் பக்கவாட்டில் இறால் மாதிரி சுருட்டிப் படுக்கவைத்து, இடுப்புக்கு மேலே முதுகெலும்பின் இடுக்கில் ஊசி விட்டுத் தண்டுவட நீரை எடுத்தார்கள். சாயங்காலம் நரம்பியல் டாக்டர் அம்மா வந்து உட்கார்ந்து பெயரைச் சொன்னார். கியான்-பாரே. சுருக்கமாக ஜிபிஎஸ்.

“வயித்துல வந்த கிருமிய எதிர்க்கறதுக்கு உங்க உடம்பு ஒரு படை தயார் பண்ணுச்சு. அந்தப் படை ஆள் அடையாளம் தெரியாம உங்க நரம்பையே தாக்குது. நரம்புக்கு மேல இருக்கற உறை அரிச்சுப் போகுது. அதனால மூளை சொல்றது தசைக்குப் போய்ச் சேரல.”

என் கணவர் தலையை ஆட்டினார். “கேபிளுக்கு மேல இருக்குற இன்சுலேஷன் போயிட்ட மாதிரிங்களா?”

“அதேதான்.”

“உள்ள கம்பி நல்லா இருக்குதுங்களா?”

“பெரும்பாலும் நல்லா இருக்கும். உறை திரும்ப வளரும். ஆனா மெதுவா வளரும். அதுக்கு முன்னாடி இன்னும் மோசமாகும். அதுக்குத் தயாரா இருங்க.”

மற்றவர்கள் கொடுத்த இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதத்தை ஐந்து நாள் டிரிப்ஸில் ஏற்றினார்கள். என் கணவர் சுரங்கத்தில் பெர்மனென்ட் ஆகிவிட்டதால் மருத்துவச் செலவைப் பற்றி நாங்கள் கலங்க வேண்டியிருக்கவில்லை. கான்ட்ராக்டில் இருந்த காலத்தில் இது வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கஸ்தூரி ஒருமுறை வாயெடுத்தாள். அவர் அவளைப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டாள்.

மோசமாகும் என்று டாக்டர் சொன்னது அடுத்த நாளே தொடங்கியது. காலிலிருந்து இடுப்புக்கு ஏறியது, இடுப்பிலிருந்து நெஞ்சுக்கு. காலையும் மாலையும் ஒரே மூச்சில் எண்களைச் சொல்லச் சொல்வார்கள். நெஞ்சுத் தசை எவ்வளவு தாங்குகிறது என்று பார்க்கிற எளிய வழி அது. முதல் நாள் இருபதைத் தாண்டினேன். பிறகு பத்தைத் தொடவே திணறினேன். டாக்டர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “மூச்சுக்குழாய்ல டியூப் போட்டு மெஷின்ல இணைக்கப்போறேன். நீங்க பேச முடியாது. ஆனா மூச்சு நிக்காது” என்றார். கணவரை ஒரு நிமிடம் உள்ளே விட்டார்கள். எத்தனையோ சொல்ல இருந்தது. நான் சொன்னது, “மூக்கு அரிக்குதுங்க.” சொறிந்துவிட்டார். அதன்பின் ஒன்றரை மாதத்துக்கு நான் பேசவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை எப்படிச் சொன்னால் புரியும் என்று நிறைய யோசித்திருக்கிறேன். மயக்கத்தில் கிடந்தேன் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. மருந்து கொடுத்துத் தூங்கவைத்த நேரம் போக, முழு நினைவோடு இருந்தேன். கை இருக்கிறது, கால் இருக்கிறது. தொடை வலிப்பது தெரிகிறது. நகத்தளவுகூட எதையும் அசைக்க முடியவில்லை. முகத்துத் தசையும் போய்விட்டது. கண் இமை முழுதாக மூடாது, முழுதாகத் திறக்காது. கண் உலர்ந்துவிடும் என்று மருந்து போட்டு மேலே ஒட்டுப்போட்டு மூடிவைத்தார்கள். இருட்டு. நான் உள்ளே இருக்கிறேன் என்று யாருக்கும் தெரியப்படுத்த ஒரு வழியும் இல்லை. தலையணை உறை காதுக்குக் கீழே மடிந்திருந்தால் அடுத்து யாராவது திருப்பிப் படுக்கவைக்கும்வரை அந்த மடிப்பு மேலேயே கிடக்க வேண்டும். என் உலகம் முழுக்க அந்த மடிப்பாகத்தான் இருக்கும்.

புதிதாக வந்த ஒரு பயிற்சி நர்ஸ், “இவங்களுக்கு நினைவு இருக்கா சிஸ்டர்?” என்று என் தலைக்கு மேலே கேட்டாள்.

“எல்லாம் கேக்குது அவங்களுக்கு. தொடறதுக்கு முன்னாடி பேரச் சொல்லிக் கூப்பிட்டுட்டுத் தொடு” என்றது ஒரு குரல். அது அமலோற்பவம் சிஸ்டர். முகம் தெரிவதற்கு முன்பே அந்தக் குரலுக்கு நான் நன்றிக்கடன் பட்டுவிட்டேன்.

எனக்குத்தான் பயிற்சி தெரியுமே என்று நானும் நினைத்தேன். எத்தனை பேருக்குச் சொல்லித்தந்திருக்கிறேன். மூச்சைக் கவனித்தேன். மூச்சு என்னுடையதாக இல்லை. நான் கேட்காதபோது உள்ளே தள்ளப்பட்டது. இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று தவிக்கிற இடத்தில் நின்றது. தொண்டையில் சளி சேர்ந்தால் மெஷின் கத்தும், யாராவது வந்து குழாயைக் கழற்றி, உள்ளே மெல்லிய குழாய் விட்டு உறிஞ்சி எடுப்பார்கள். அந்தச் சில நொடிகளுக்கு மூச்சே கிடையாது. ஒவ்வொரு தடவையும் செத்துப்போகிறேன் என்றுதான் நினைத்தேன். மூச்சைக் கவனிக்கக் கவனிக்க, அடுத்த மூச்சு வராதோ என்ற பயம்தான் பெருத்தது. சிறையில் இருப்பவளிடம் பூட்டையே பார்த்துக்கொண்டிரு என்று சொன்ன மாதிரி. ஒரு நாள் பயிற்சியை விட்டுவிட்டேன். நான் நம்பிய ஒன்று, எனக்கு மிகவும் தேவைப்பட்ட இடத்தில் என்னைக் கைவிட்டது. உடம்பு போனதைவிட அந்த எண்ணம்தான் அன்று தாங்க முடியாததாக இருந்தது.

அன்று மாலைதான் என் கணவர் அந்த ஆடியோவைக் கொண்டுவந்தார்.

மன்றத்துப் பெண்களில் யாரோ அவருக்கு யோசனை சொல்லியிருக்கிறார்கள். “மேடத்துக்கு அவங்க தியானமே மருந்து. காதுல போட்டுவிடுங்க.” அவர் போனை என் காதருகே வைத்தார். “மலரு, இது உனக்குப் புடிச்சதுதான். கேட்டுகினு இரு.”

‘மெல்ல மூச்சை உள்ளே இழுங்க’ என்றது என் குரல்.

இழுக்க முடியாதவளிடம், நல்ல தெளிவாக, அன்பாக, அவசரமே இல்லாமல் அது சொல்லிக்கொண்டிருந்தது. ‘உங்கள் உடம்பை அப்படியே தளர விடுங்க. எதையும் அசைக்க வேண்டாம்.’ எனக்குக் கண்ணீர் வந்தது. ஒட்டுக்குக் கீழே வழிந்து காதில் இறங்கியது. அவர் அதைத் துடைத்துவிட்டு, கஸ்தூரியிடம், “பாரு, கேக்குது அவளுக்கு. நல்லா வேல செய்யுது” என்றார். அவர் குரலில் பல நாளுக்குப் பிறகு ஒரு தெம்பு இருந்தது.

அதன்பின் பார்வையாளர் நேரம் முழுக்க அந்த ஆடியோ. அவர் கிளம்பும்போது பழைய போன் ஒன்றை என் படுக்கைப் பக்கத்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போவார். சிஸ்டர்களிடம் சொல்லிவைத்தார். அவர்களும் நல்ல மனசோடு போட்டுவிட்டார்கள். முடிந்ததும் மறுபடி தொடங்கும்படி யாரோ அமைத்தும் கொடுத்தார்கள். எனக்கு அந்தக் குரல் பேசுகிற ஒவ்வொரு சொல்லும், எச்சில் விழுங்குகிற இடமும், பின்னால் கேட்கிற மின்விசிறிச் சத்தமும் மனப்பாடம். வேண்டுமா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. மருந்தை வேண்டுமா என்று யார் கேட்பார்கள்?

அந்த நாட்களில் எனக்கு ஆறுதலாக இருந்தது கஸ்தூரியின் சீப்பு ஒன்றுதான். என் பின்னந்தலையில் கொண்டை அழுத்திப் புண்ணாகத் தொடங்கியிருந்தது. அவள்தான் அதைப் பார்த்தாள். சிஸ்டரிடம் அனுமதி வாங்கி, சிக்கெடுத்து, வகிடு பிரித்து, இரண்டு பக்கமும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல் சடை போட்டாள். “அண்ணி, வலிச்சா மன்னிச்சிக்கோங்க, மெல்லத்தான் வாரிகினு இருக்கன்” என்று பேசிக்கொண்டே வாருவாள். நெற்றியிலிருந்து பின்னால் சீப்பு போவது எனக்குத் துல்லியமாகத் தெரியும். அது போய்க்கொண்டிருக்கும்வரை மெஷின் சத்தம் கேட்காது. அது ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை.

வாயிலிருந்த குழாயை எடுத்துவிட்டு, தொண்டையில் சிறு துளை போட்டு அதன்வழியாக மெஷினை இணைத்தார்கள். நாள்பட மெஷினில் இருக்க வேண்டியவர்களுக்கு அதுதான் வசதி. அதற்கு அடுத்த வாரத்தில் இமை திரும்பியது. ஒட்டை எடுத்தபோது முதலில் பார்த்தது அமலோற்பவம் சிஸ்டரை. நான் நினைத்ததைவிடக் குள்ளம். கண்ணை மேலே உருட்டினால் ஆமாம், மூடினால் இல்லை என்று வைத்துக்கொண்டோம். வலிக்கிறதா, குளிர்கிறதா, திருப்பிப் படுக்கவைக்கட்டுமா என்று எல்லாம் கேட்டார்கள். ஆடியோவைப் பற்றி மட்டும் யாரும் கேட்கவில்லை.

பிறகு சிஸ்டர் ஒரு அட்டையில் எழுத்துகளை எழுதிக்கொண்டு வந்தார். உயிரெழுத்து பன்னிரண்டு, மெய் பதினெட்டு. விரலை வரிசையாக வைத்துக்கொண்டே போவார், சரியான எழுத்தில் நான் கண்ணை உருட்ட வேண்டும். கொம்பும் சுழியும் அவர்களே ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். என் கணவரும் கஸ்தூரியும் பக்கத்தில் நின்றார்கள். இத்தனை நாளுக்குப் பிறகு நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்ற விதம் எனக்கு நினைவிருக்கிறது.

ந. ற. த. கடைசியில் ‘து’ என்பதற்குப் பதில் இன்னொரு த. அதற்குள் கண் சோர்ந்துவிட்டது.

“நறதத” என்று படித்தார் சிஸ்டர். மறுபடி படித்தார்.

“நிறுத்து” என்றாள் கஸ்தூரி.

கண்ணை உருட்டினேன்.

“எத நிறுத்தணும் மலரு?” என்றார் அவர்.

நான் போனைப் பார்த்தேன். போன் மேஜைமேல் இருந்தது. மேஜைக்கு நேர் பின்னால் என் மூச்சு மெஷின் இருந்தது. அவர் என் பார்வையைப் பிடித்துக்கொண்டே போனார். போனைத் தாண்டிப் போய்விட்டார்.

“மெஷினயா?” என்றார் மெதுவாக.

இல்லை என்று கண்ணை மூடினேன். சோர்வில் மூடிய கண் உடனே திறக்கவில்லை. திறந்தபோது அவர் அங்கே இல்லை. கஸ்தூரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். இந்த அமர்க்களத்திலும் அந்த ஆடியோ ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அடுத்த நாள் அவர் உள்ளே வரவில்லை. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நின்று பார்த்துவிட்டுப் போனார். டாக்டர் அம்மா வந்தார். “இது திரும்பி வர்ற நோய் மலர்விழி. இமை வந்திருச்சு பாருங்க, கையும் வரும். இப்ப மனச விடக்கூடாது” என்று பேசினார். நான் கண்ணை மூடி மூடித் திறந்தேன். இல்லை, இல்லை, நான் கேட்டது அது இல்லை. அவர் அதை அழுகை என்று எடுத்துக்கொண்டு என் தலையைத் தடவினார். முழுசாகப் பேச முடியாமல் இருந்தபோது மாட்டியிருந்த கூண்டைவிட, ஒரே ஒரு சொல் பேசியபின் மாட்டிக்கொண்ட கூண்டு சிறியதாக இருந்தது. சாக ஆசைப்படுகிறவள் என்று என்னைச் சுற்றி எல்லோரும் மெதுவாக நடந்தார்கள். எழுத்து அட்டையை யாரும் எடுக்கவில்லை. அடுத்து என்ன சொல்வேனோ என்று பயம்.

அதற்கு மறுநாள் மனநல ஆலோசகர் ஒருவரை வரவழைத்தார்கள். ஷகிலா என்று பெயர் சொன்னார். என் வயதுதான் இருக்கும். நாற்காலியை இழுத்துப் போட்டு, என் கண் மட்டத்துக்கு உட்கார்ந்தார். மற்றவர்களைப்போல ஆறுதல் சொல்லவில்லை. நேராகக் கேட்டார்.

“நீங்க சாகணும்னு நினைக்கிறீங்களா?”

கண்ணை மூடி உடனே திறந்தேன். இல்லை.

“மெஷின நிறுத்தணுமா?”

இல்லை.

“வேற ஏதோ ஒண்ண நிறுத்தணும்?”

கண்ணை எவ்வளவு மேலே உருட்ட முடியுமோ அவ்வளவு உருட்டினேன். அவர் எழுத்து அட்டையைக் கேட்டு வாங்கினார். ப. ன. கொஞ்சம் யோசித்தார். மேஜையைப் பார்த்தார். போனை எடுத்துக் காட்டினார்.

“இதுவா? இதுல ஓடிட்டு இருக்கறதா?”

ஆமாம். அவர் அணைத்தார். வெகு நாளைக்குப் பிறகு அந்த வார்டை ஆடியோ இல்லாமல் கேட்டேன். ஏசி ஓடியது. தூரத்தில் யாரோ ஸ்டீல் தட்டைக் கழுவினார்கள்.

என் கணவரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்கள். அவர் மேஜைமேல் இருந்த போனை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு என்னிடம் குனிந்து, “இவ்வளோ நாளு அதக் கேட்டுகினா கெடந்த?” என்றார். கண்ணை உருட்டினேன். அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொடங்கி அழுதார். எனக்கும் சிரிக்க வேண்டும்போல இருந்தது. முகத்தில் அதற்கு வழியில்லை.

ஷகிலா அடுத்த வாரமும் வந்தார். நான் பயிற்சி சொல்லித்தருகிறவள் என்று கணவர் சொல்லியிருந்தார். “மூச்சு மெஷின் கையில இருக்கும்போது மூச்சைக் கவனிக்கறது நிறைய பேருக்குப் பயத்தத்தான் கூட்டும். அது பயிற்சியோட தோல்வியும் இல்ல, உங்க தோல்வியும் இல்ல. மூச்சை விட்டுடுங்க. உடம்புல எங்க பயமில்லாம கவனம் நிக்குதோ அங்க வச்சிக்கோங்க. அப்படி எங்கயாவது இருக்கா?”

உடனே எனக்குச் சீப்பு நினைவுக்கு வந்தது. ச, ப என்று எழுத்து காட்டினேன். அவருக்குப் புரியவில்லை, கஸ்தூரிக்குப் புரிந்தது.

“தாங்க முடியலேன்னா அதையும் விட்டுட்டு எதாச்சும் பழைய கதைய நினைச்சிட்டிருங்க. அதுல தப்பே இல்ல” என்று ஷகிலா சொல்லிவிட்டுப் போனார். இவ்வளவு காலம் சொல்லித்தந்ததில் அதை நான் யாருக்கும் சொன்னதில்லை.

ஆடியோ போனபின் என் கணவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பேச்சு அதிகம் இல்லாத மனிதர். நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, கண்ணில் பட்டதைச் சொல்ல ஆரம்பித்தார். “கீழ ஒரு ஆளு எளநீ வெட்டிகினு இருக்கான். ஒரு பொம்பள ரெண்டு வாங்கினு போறா. இப்ப தூறல் போடுது. எளநீக்காரன் தார்ப்பாய இழுத்து மூடறான்.” இதுதான். நல்லாயிடும், தைரியமா இரு என்பதெல்லாம் கிடையாது. நான் படுத்தபடியே அந்த இளநீர்க்காரனை மனசுக்குள் பார்த்தேன். நடப்பதை நடக்கிறபடி பார்ப்பது என்று மன்றத்தில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். எனக்கு அதை அந்த ஜன்னல் வழியாக அவர் செய்துகாட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு அது தெரியாது. சொன்னால் வெட்கப்படுவார்.

சளி உறிஞ்சுகிற நேரத்தில் நான் அதையே செய்து பார்த்தேன். கையுறை மாட்டுகிற சத்தம். குழாய் கழல்கிற சத்தம். உள்ளே அந்தக் குளிர்ச்சி. நெஞ்சு அடைப்பது. இருமல். மறுபடி காற்று. பயம் குறைந்ததா என்றால், குறையவில்லை. கடைசி நாள் வரை பயந்தேன். ஆனால் அதற்கு ஒரு தொடக்கமும் முடிவும் இருப்பது தெரிந்தது. முன்பெல்லாம் ஒரு தடவை உறிஞ்சி முடித்ததிலிருந்து அடுத்தது வரைக்கும் பயந்துகொண்டே இருப்பேன். இப்போது அது நடக்கும்போது மட்டும் பயந்தேன். நடுவில் எனக்குக் கொஞ்சம் நேரம் மிஞ்சியது. அதில் இளநீர்க்காரன் வந்தான், சீப்பு வந்தது, சும்மா கிடப்பதும் வந்தது. எல்லா நாளும் முடியவில்லை. தலையை முட்டிக்கொள்ளக்கூட முடியவில்லையே என்று உள்ளுக்குள் கத்திய நாட்களும் பின்னால் இருந்தன.

வலது கட்டைவிரல் ஒரு மதியம் அசைந்தது. மெஷினை ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று எடுத்து எடுத்துப் பார்த்தார்கள். ஒரு நாள் திரும்ப மாட்டவில்லை. தொண்டைத் துளை மூடியபின் வந்த குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. பிசியோதெரபியில் உட்காரக் கற்றேன், ஸ்பூன் பிடிக்கக் கற்றேன். ஊர் திரும்பியபோது மழைக்காலம் வந்துவிட்டது. எங்கள் குவார்ட்டர்ஸ் மாடியில். கணவரோடு வேலை செய்கிறவர்கள் நாலு பேர் என்னைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிக்கொண்டுபோய் மேலே வைத்தார்கள்.

அதன்பின் அந்த மாடி வீடும் அடைபட்ட இடம்தான். வாக்கர் பிடித்துக் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடப்பேன். பால்கனியில் உட்கார்ந்து ரோட்டைப் பார்ப்பேன். கீழே இறங்க முடியாது. மன்றத்துப் பெண்கள் மேலே வந்து பார்த்துவிட்டு, எப்போது வகுப்பு என்று கேட்பார்கள். தெரியவில்லை என்பேன். குழுவிலிருந்து ஆடியோவை எடுத்துவிட்டேன். என்றாவது வேறொன்று பதிவுசெய்தால், பிடிக்காவிட்டால் நிறுத்திவிடுங்கள் என்று முதல் வரியில் சொல்ல நினைத்திருக்கிறேன்.

போன மாதம் ஒரு காலை, கணவர் செகண்ட் ஷிப்ட்டுக்குக் கிளம்ப நேரமிருந்தது. இறங்கிப் பார்க்கலாமா என்று கேட்டேன். அவர் முன்னால் பின்பக்கமாக இறங்கினார், நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக வைத்தேன். பாதியில் இரண்டு முழங்காலும் நடுங்க ஆரம்பித்தன. மேலே ஏறவும் தெம்பில்லை, கீழே பார்த்தால் தலை சுற்றியது. அந்தப் பழைய பயம் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது.

“தூக்கிகினு போயிடட்டுமா?” என்றார்.

“வேணாங்க. கொஞ்சம் இங்கயே உக்காருவோம்.”

படியிலேயே உட்கார்ந்தேன். சிமெண்ட் ஜில்லென்று இருந்தது. அவரும் ஒரு படி கீழே உட்கார்ந்துகொண்டார். கீழ்வீட்டில் தாளித்த வாசனை வந்தது. யாரோ ஸ்கூட்டரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அது கிளம்பவில்லை. முழங்கால் நடுங்கிக்கொண்டிருந்தது, நடுங்கட்டும் என்று விட்டேன். ஸ்கூட்டர் கிளம்பிப் போனது. நடுக்கம் முழுதாக நிற்கவில்லை, ஆனால் நான் எழுந்து நிற்கக்கூடிய அளவுக்குக் குறைந்தது.

அவர் எழுந்து கையை நீட்டினார். “மேலயா, கீழயா?”

“கீழ” என்றேன்.